‘வாவ்’, ‘ஃப்ளட்டர்’: தள்ளாட்டமும் நடுக்கமும்

வணக்கம்.

கேசட் டெக்கின் விவரக் குறிப்பில் வரும் ‘வாவ் அண்டு ஃப்ளட்டர்’ என்பதற்கு ‘வேக மாறுபாடு’ என்ற ஒரே சொல் போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெக் எப்போதுமே சற்று விரைவாக ஓடினாலும் அது வேக மாறுபாடுதான். அப்போது பாட்டின் சுருதி ஏறியிருக்குமே தவிர ஆடாது. நாம் பெயரிட வேண்டியது, நாடாவின் வேகம் கூடிக் குறைவதால் சுருதி ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு.

அது இருவகைப்படும். நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. நகர வேண்டும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையின் விட்டம் 13 மி.மீ. என்று கொண்டால், அது வினாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். ஆகவே உருளை ஒரு பக்கம் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தால் சுருதியும் அதே கதியில் மெல்ல ஏறி இறங்கும். தம்புராவிலோ நாதசுரத்தின் நீண்ட கார்வையிலோ இது உடனே காதில் படும். மிருதங்கத் தனியில் தெரிவதே அரிது. இதுதான் ‘வாவ்’. வினாடிக்கு ஏறத்தாழ 6 முறைக்கு மேல் நிகழ்வது ‘ஃப்ளட்டர்’. மோட்டாரின் சீரற்ற சுழற்சி, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் நாடா உரசுவது போன்றவற்றால் இது வருகிறது. ஆட்டம் மிக விரைவாகும்போது சுருதி ஏறி இறங்குவதாகக் காது உணர்வதில்லை. குரலே கரகரப்பதாகத் தோன்றும்.

இவற்றுக்குத் தமிழ்ப் பெயராக எண்ணிப் பார்த்த ‘அலைவு’, ‘ஊசல்’ இரண்டும் இயற்பியல் பாடநூல்களில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டன. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் குறிக்கும் ‘கம்பிதம்’ அழகான சொல்தான். ஆனால் அது கலைஞர் வேண்டுமென்றே செய்யும் அசைவு, பழுதுக்கு அப்பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ‘வாவ்’ என்பதற்குத் தள்ளாட்டம் என்றும், ‘ஃப்ளட்டர்’ என்பதற்கு நடுக்கம் என்றும் முன்மொழிகிறேன். முதியவரின் நடை தள்ளாடுகிறது, கை நடுங்குகிறது என்று சொல்லும்போது எது மெதுவானது, எது விரைவானது என்பதை விளக்கத் தேவையில்லை. பழுது பார்ப்பவரும் ‘பாட்டு தள்ளாடுகிறது, பெல்ட்டை மாற்றுங்கள்’ என்று வினையாகவே சொல்லலாம்.

இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் குறிப்புக்குச் ‘சுருதியாட்டம்: 0.05 விழுக்காடு’ என்று எழுதலாம். அந்த எண், காது மிகக் கூர்ந்து உணரும் 4 ஹெர்ட்ஸ் அளவிலான ஆட்டத்துக்குக் கூடுதல் மதிப்புத் தந்து கணக்கிடப்படுவது என்பதால், அதை ‘எடையிட்ட’ என்று குறிக்க நினைக்கிறேன். இதைவிடப் பொருத்தமான அடைமொழி இருந்தால் எழுதுங்கள்.