கப்ரேக்கர் எண் 6174: 77 எண்கள் ஏன் 0-வில் போய் நிற்கின்றன?

கேள்வி:
நான்கு இலக்க எண்ணை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழித்து, வந்த விடையில் மறுபடி அதையே செய்யும் புரோகிராம் எழுதினேன். இப்படிச் செய்தால் எண்கள் கடைசியில் கப்ரேக்கர் எண்ணான 6174-இல் வந்து நிற்க வேண்டும். 1000 முதல் 9999 வரை ஓட்டினால் 77 எண்கள் 6174-க்கு வராமல் 0-வில் நிற்கின்றன. எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கும் 1111, 2222 மாதிரி ஒன்பதுதானே 0-வில் நிற்க வேண்டும்? மீதி 68 எப்படி?

பதில் 1:
முன்னால் நிற்கும் பூஜ்ஜியம் தொலைகிறது. 2111-ஐப் பாருங்கள்: 2111 − 1112 = 0999. அதை வெறும் 999 என்று எடுத்தால் 999 − 999 = 0, கதை முடிந்தது. பூஜ்ஜியத்தை வைத்துக்கொண்டால் 9990 − 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174.

ஒரே இலக்கம் மூன்று முறை வந்து, நான்காவது அதைவிட ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் மட்டுமே 0999 வரும். 1-2 தொடங்கி 8-9 வரை 8 ஜோடிகள். ஜோடிக்கு 8 எண்கள், ஆக 64. அதோடு 1000, 1011, 1101, 1110. மொத்தம் 68, உங்கள் கணக்கேதான்.

இலக்கங்களைப் பிரிக்க ‘எண் 0 ஆகும் வரை 10-ஆல் வகு’ என்ற லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, சரியாக நான்கு முறை ஓடும் லூப் போடுங்கள். எண்ணை ஸ்ட்ரிங்காக (எழுத்துகளின் வரிசையாக) மாற்றுகிறீர்கள் என்றால், வரிசைப்படுத்துவதற்கு முன்பே இடப்பக்கம் 0 நிரப்புங்கள். பிறகு நிரப்பினால் இறங்குவரிசையும் 0999 ஆகிவிடும். பழைய தப்பே திரும்ப வரும்.

சரிபார்க்க: 0000–9999 முழுவதும் ஓட்டினால் 9990 எண்கள் 6174-க்கு வர வேண்டும். அவற்றில் 2184 எண்களுக்குச் சரியாக 7 படிகள் ஆகும். அதற்கு மேல் எதுவும் போகாது. 2005 அப்படிப்பட்டது: 5175, 5994, 5355, 1998, 8082, 8532, 6174.

கேட்டவர்:
நான்கு முறை லூப் போட்டதும் 9 மட்டுமே மிஞ்சியது, மிக்க நன்றி. ஆனால் எல்லாம் 6174-க்கே வருவது ஏன்?

பதில் 2:
இறங்குவரிசையில் இலக்கங்கள் a, b, c, d என்றால் வித்தியாசம் 999(a−d) + 90(b−c). எந்த இலக்கங்கள் என்பதே முக்கியமில்லை; வெளி இடைவெளி (a−d), உள் இடைவெளி (b−c) இரண்டும் தெரிந்தால் போதும். உள் இடைவெளி வெளியைத் தாண்டாது என்பதால், எல்லா இலக்கமும் ஒன்றான (0,0)-ஐ விட்டால் சாத்தியமான ஜோடிகள் 54 மட்டுமே. பத்தாயிரம் எண்களை மறந்துவிட்டு ஒரு தாளில் இந்த 54-ஐ எழுதி, எது எதற்குப் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். (6,2) ஒன்றுதான் தன்னிடமே திரும்பும்: 5994 + 180 = 6174; அதை அடுக்கினால் 7641; 7−1 = 6, 6−4 = 2. மற்ற 53-ம் அதிகபட்சம் ஆறு தாவலில் அங்கே வந்து சேரும். கையாலேயே முடிகிற நிரூபணம் என்பதுதான் இதன் அழகு.

மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேக்கர் இதை 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அறிவித்தார்.

பதில் 3:
6174-க்கு வேறு முகமும் உண்டு. 2 × 3² × 7³ என்று பிரியும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 18; 6174 ÷ 18 = 343. அதே 18-ஐ வைத்து 18³ + 18² + 18 = 5832 + 324 + 18 = 6174.

ஐந்து இலக்கத்துக்கு இதே புரோகிராமை நீட்டினால் கவனம்: அங்கே நிலைத்த எண் கிடையாது. 53955-உம் 59994-உம் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். நான்கு எண்கள் கொண்ட சுழற்சிகள் இன்னும் இரண்டு உண்டு. ‘விடை மாறாமல் நிற்கும் வரை ஓடு’ என்று எழுதியிருந்தால் நிற்கவே நிற்காது. வந்த எண்களை ஒரு செட்டில் (தொகுப்பில்) போட்டு, ஏற்கெனவே இருப்பது திரும்ப வந்தால் நிறுத்துங்கள். மூன்று இலக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை, 495-இல் நின்றுவிடும்.