புதுப்பிப்பு: கருப்பட்டிக் கணக்கு நிரல் ஓடிவிட்டது

பாளையங்கோட்டையில் அப்பா நடத்தும் கருப்பட்டிக் கடைக்காக நான் எழுதிய சின்ன ஜாவா நிரல் பற்றிச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். கட்டளை வரியில் (நிரலை ஓட்டத் தட்டும் வரியில்) ஊர்ப் பெயரும் இரண்டு எடைகளும் கொடுத்தால் கூட்டிச் சொல்ல வேண்டும். அதுவோ அணியின் (array, மதிப்புகளை எண்ணிட்ட இடங்களில் வரிசையாக வைக்கும் பட்டியல்) எல்லை தாண்டியதாகப் பிழை காட்டி நின்றுவிட்டது.

தவறு என்னுடையதுதான். சி மொழியில் இந்த அணியின் பூஜ்ஜியமாவது இடத்தில் நிரலின் பெயர் இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டேன். ஜாவாவிலோ, கட்டளை வரிச் சொற்கள் வந்து சேரும் ஆர்க்ஸ் (args) அணியின் பூஜ்ஜியமாவது இடத்திலேயே நாம் கொடுக்கும் முதல் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்று சொற்களுக்குக் கடைசி இடம் 2. நான் 3-ஐக் கேட்டேன்.

திருத்தியதும் அடுத்த கூத்து: 12 கிலோவும் 15 கிலோவும் சேர்ந்து 1215 கிலோ! "இவ்வளவு கருப்பட்டிக்கு நான் எங்கே போவேன்?" என்றார் அப்பா. அணியில் இருப்பவை எல்லாம் சரங்கள் (string), அதாவது எண்கள் அல்ல, வெறும் எழுத்துத் தொடர்கள். கூட்டல் குறி அவற்றை ஒட்டத்தான் செய்யும். பதில் எழுதிய அண்ணாச்சி சொன்னபடி சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்டிஜர்.பார்ஸ்இன்ட் (Integer.parseInt) போட்ட பிறகு 27 வந்தது. அரைக் கிலோ வந்தால், தசம எண்ணாக மாற்றும் டபுள்.பார்ஸ்டபுள் (Double.parseDouble) வேண்டும்.

இன்னொன்று: நெல்லை டவுன் என்று இடைவெளி விட்டுத் தட்டினால் இரண்டாகப் பிரிந்து, ‘டவுன்’ எடையின் இடத்துக்குப் போய்விடுகிறது. இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தேன், சரியானது.