உடற்பயிற்சியில் பொறுமை: களியக்காவிளைச் சுற்றுவட்டாரத்து அனுபவங்கள்

குழித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

சர்க்கரைக்காக நடக்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே சலித்துப்போவதற்கு, பலனை அவர்கள் அளக்கும் முறைதான் பெரும்பாலும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விரலில் குத்திப் பார்க்கும் அளவு, முந்தைய இரவு உண்ட மரச்சீனிக் கிழங்கு, கெட்டுப்போன தூக்கம், சாதாரணச் சளிக்காய்ச்சல் என எதற்கும் ஏறி இறங்கும். (இன்சுலின் எடுப்பவர்களுக்கு அந்தப் பரிசோதனை அவசியம், அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.) நான் தினமும் குறித்து எடுத்துச் சென்ற தாளைப் பாறசாலை மருத்துவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாரே, இதுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் மார்க் போட முடியும்" என்றார். அவர் குறிப்பிட்டது எச்பிஏ1சி பரிசோதனையை. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கின்றன. அவற்றின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை அதில் தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஓடியாடி அதை ஏமாற்றவும் முடியாது. ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தால் அது கெட்டுப்போகவும் செய்யாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. அது நாள் கணக்காக இல்லாமல் வாரக் கணக்காக இருப்பது, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் வாங்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துகிறது. மழை விடாத நாளில் வராந்தாவில் நடந்து, நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுவேன். வெயில் அடித்தால் சிதறால் மலைக்குப் போவேன். மிதமான உழைப்பு என்பதற்குப் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது என்று ஓர் எளிய அடையாளம் சொல்வார்கள். மலையேற்றத்தில் என் கூட வரும் நண்பர் இப்போது சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறை வரைக்கும் பழைய பாட்டை முனகிக்கொண்டே வருகிறார். அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கவேண்டும் என்று அதற்குப் பொருள்.

மார்த்தாண்டம், வங்கி ஊழியர்

நான் சொல்லப்போவது அடிமுறை என்னும் தற்காப்புக் கலையின் ஆசான் ஒருவரைப் பற்றி. அதிகாலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்குக் களரி சொல்லிக்கொடுப்பவர் அவர். உடல் எடையைக் குறைக்கவேண்டும் என்று சேர்ந்த எனக்கு மாதக்கணக்கில் ஒற்றைச்சுவடு மட்டுமே கிடைத்தது. கால் வைப்பு, திரும்புதல், தாழ்ந்து எழுதல் என்று மறுபடி மறுபடி அதே வரிசைதான். எனக்குப் பின்னால் சேர்ந்த பத்து வயதுப் பையன் என்னைவிடத் தாழ்ந்து நிற்பதைப் பார்த்தபோது வந்த எரிச்சலில், கம்பு எப்போது தருவீர்கள் என்று கேட்டுவிட்டேன். ஆசான் சிரித்தார். "ரப்பர் மரத்த ஏழு வருசம் ஆனா வெட்டலாம்னு சொல்லுவாங்க, மக்களே. நான் வருசத்த பாக்கிறதில்ல, தடி எவ்வளவு பருத்திருக்குன்னு கயிறு போட்டுத்தான் பாப்பேன். மெலிஞ்ச மரத்த வெட்டினாலும் பால் வரும், ஆனா அப்புறம் மரம் தேறாது."

அவர் சொன்னதன் உடலியல் காரணத்தைப் பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். பயிற்சியின் முதல் சில வாரங்களில் பலம் விரைவாகக் கூடுவது, நரம்புகள் இருக்கும் தசையை முன்னைவிட நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால்தான். தசை பருப்பது கண்ணுக்குத் தெரிய மேலும் வாரங்கள் ஆகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அதைவிடவும் மெதுவாகவே உறுதிப்படும். அதனால் "இனி எல்லாம் முடியும்" என்று தோன்றும் இரண்டாவது மாதம்தான் முழங்காலும் குதிகாலும் பழுதாவதற்கு வாய்ப்பான காலம். கம்பு எனக்குக் கிடைத்தது. எந்த மாதத்தில் என்பதை ஆசான்தான் முடிவு செய்தார்.

பாறசாலை, ஜிம் பயிற்சியாளர்

எங்களிடம் வருபவர்களில் ஒரு பெரும்பகுதியினர் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் இளைஞர்கள். திரும்பிச் செல்வதற்குள் உடம்பு மாறியிருக்கவேண்டும் என்பார்கள். முதல் வாரத்திலேயே எடைக்கருவி இரண்டு கிலோ குறைந்து காட்டினால் பூரித்துப்போவார்கள். அடுத்த வாரம் அதில் பாதி திரும்பி வந்தால் என்னிடம் கோபப்படுவார்கள். உடலில் சர்க்கரை சேமிக்கப்படும் வடிவமான கிளைக்கோஜன் ஒரு கிராமோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்குவதால், சோற்றைக் குறைத்ததும் முதலில் இறங்குவது பெருமளவு நீர்தான் என்று சொன்னால், நான் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள்.

ஒருவர் மட்டும், "அங்கே அறையில் ஆறு பேர் இருப்போம், கருவி எதுவும் கிடையாது, என்ன செய்யலாம் அண்ணா?" என்று கேட்டார். அவருக்குத் தண்டால், பஸ்கி, தண்ணீர் கேனைத் தூக்கும் இரண்டு பயிற்சிகள், அவ்வளவையும் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் முடித்துவிடும்படி எழுதிக்கொடுத்தேன். வேலை முடிந்து காலணியைக் கழற்றியதும், குளிப்பதற்கு முன் செய்யவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய இழப்பு ஏற்படவில்லை என்பதையும் அதில் கண்டார்கள். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன், ஏனென்றால் ஒரு நாள் விட்டதற்காக மொத்தத்தையும் விடுபவர்களே அதிகம். அந்தத் தம்பி அடுத்த விடுமுறைக்கு வந்தபோது படத்தில் வரும் நாயகனைப் போல் ஆகிவிடவில்லை. தோள் விரிந்திருந்தது, வயிறு இறங்கியிருந்தது, முதுகுவலிக்கு மாத்திரை போடுவதை நிறுத்தியிருந்தார்.

அருமனை, முந்திரி ஆலைத் தொழிலாளி (மகள் தட்டச்சு செய்தது)

நாள் முழுவதும் உட்கார்ந்தே பருப்பு உடைக்கும் வேலை என்பதால் முழங்கால் பிடித்துக்கொண்டது. காலை நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து விடும் பயிற்சியைத் தந்தார்கள். மறுநாள் காலையில் வலி கூடவில்லை என்றால் மட்டுமே எண்ணிக்கையைக் கூட்டவேண்டும் என்றும், கூடியிருந்தால் பழைய எண்ணிக்கைக்கே திரும்பவேண்டும் என்றும் சொன்னார்கள். இடைவேளையில் என்னோடு சேர்ந்து இப்போது வரிசையாக நான்கு பேர் காலை நீட்டுகிறோம். மேற்பார்வையாளர் முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். பேருந்துப் படியில் ஏற யாருடைய கையையும் நான் பிடிப்பதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு ஓணம் வரை ஆகலாம் என்று பயிற்சி தருபவர் சொல்லியிருக்கிறார்.