7 வயது மகன் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான்

கேள்வி: எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் புத்தகத்தை எடுத்தாலே தண்ணீர் குடிக்கப் போகிறான், பென்சில் சீவப் போகிறான். தினமும் 20 நிமிடம் படித்தால்தான் டிவி என்று சொல்லிப் பார்த்தேன், கடிகாரத்தைத்தான் படிக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த டிவி பேரத்தை விடுங்கள். வாசிப்பு தண்டனை, டிவி பரிசு என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். எழுத்துக் கூட்டுவதிலேயே மூச்சு முட்டுகிற வயதில் கதை எங்கே மனதில் ஏறும்? படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் நாம் வாசித்துக் காட்டலாம், தப்பே இல்லை.

பதில்: புத்தகம் கடினமாக இருக்கிறதோ என்னவோ. ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். 5 விரலும் மடங்கினால் வேறு புத்தகம். அதையும் அவனே எடுக்கட்டும். என் மகள் ஒரே டைனோசர் புத்தகத்தை, அட்டை கிழிந்து டேப் ஒட்டிய பிறகும், விடாமல் படித்தாள். அதுவும் வாசிப்புதான்.

பதில்: கோபிக்காதீர்கள், நீங்கள் படித்து அவன் பார்த்திருக்கிறானா?

கேட்டவர்: இல்லை, என் கையில் எப்போதும் ஃபோன்தான். சரி, நேற்று வாசித்துக் காட்டினேன், தூக்கம் வந்து பாதியில் நிறுத்தியதும் “அப்புறம்?” என்று உலுக்கினான்.