கருகமணியில் கட்டிய சூப்பர்சிமெட்ரி

நீங்கள் எல்லோரும் செமினாரில் மாட்டிக்கொண்ட கதை சொன்னீர்கள், நான் மாட்டியது செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில்.

எம்.எஸ்சி புராஜெக்டுக்கு குவாண்டம் மெக்கானிக்ஸில் சூப்பர்சிமெட்ரி எடுத்திருந்தேன்: போசான், ஃபெர்மியான் என்ற இரண்டு வகைத் துகள்களை ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சமச்சீர். அப்படி மாற்றும் செயலிக்குப் பெயர் சூப்பர்சார்ஜ், சுருக்கமாக சார்ஜ். ஒரே ஒரு சூப்பர்சார்ஜ் என்றால் வம்பில்லை, இரண்டு தடவை போட்டால் ஹாமில்டோனியன், அதாவது ஆற்றலுக்கான செயலி, வந்துவிடும். நான்கு, ஆறு என்று ஏறினால் எந்த போசான் எந்த ஃபெர்மியானாகிறது என்று சமன்பாட்டில் பிடிக்கவே முடியவில்லை. ஜேம்ஸ் கேட்ஸ் என்ற இயற்பியலாளரும் அவருடைய கூட்டாளியும் 2004-ல் இதையெல்லாம் புள்ளியும் கோடுமாக வரைந்து, கானா நாட்டுச் சின்னங்களின் பெயரால் அடிங்க்ரா என்றார்கள். சரி, கட்டியே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெள்ளை முத்து போசான், கருகமணி ஃபெர்மியான், ஒவ்வொரு சார்ஜுக்கும் ஒரு நிற நூல், மைனஸ் குறி வந்தால் அந்த நூலில் ஒரு முடிச்சு. இரண்டே நிறத்தில் நாலு நூல் சுற்றி வரும் எந்தக் கட்டத்திலும் ஒரு முடிச்சோ மூன்று முடிச்சோதான் இருக்கலாம்.

நான்கு சார்ஜுக்கு 16 மணி. அப்பா பார்த்துவிட்டு, "எதிர்மூலைங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டா பாதி மணி மிச்சமாகும்லடா" என்றார். அவருக்கு சேதாரக் கணக்கு! சேர்த்தேன், உட்கார்ந்துவிட்டது: 4 வெள்ளை, 4 கருப்பு.

அந்தத் தெம்பில் ஆறுக்கு 64 மணி கட்டி அதே போல எதிர்மூலைகளைச் சேர்த்து மடித்தேன். வெள்ளை, கருப்பு சரியாக வந்தது, முடிச்சுக் கணக்கு வரவில்லை, ஒரு கட்டத்தைச் சரிசெய்தால் பக்கத்துக் கட்டம் கெடும், ஒரு வாரம் இப்படியே போனது. அப்புறம்தான் புத்தி வந்து பேப்பரை எடுத்தேன். எதிர்மூலைக்குப் போவது என்றால் எல்லா சார்ஜையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது; அந்த மூலையை ஒட்ட வேண்டுமானால் அந்தப் பெருக்கலின் வர்க்கம் பிளஸாக வர வேண்டும். இரண்டு சார்ஜை இடம் மாற்றினால் ஒரு மைனஸ் வரும். நான்கு சார்ஜையும் பெருக்கி வர்க்கம் எடுத்தால் இடம் மாற்றுவதில் 6 மைனஸ், மொத்தத்தில் பிளஸ். ஆறு சார்ஜுக்கு 15 மைனஸ்! வர்க்கமே மைனஸாக நிற்பதை வைத்து மணியோடு மணியை எப்படி ஒட்டுவது?

மணியையெல்லாம் பிரித்து டப்பாவில் போட்டேன்.

பதில், ஏற்காட்டிலிருந்து:
பிரித்திருக்க வேண்டாமே! ஆறையும் ஒரே மடிப்பாக மடித்ததுதான் தப்பு. முதல் நாலு நிறத்தில் ஒரு தடவை, கடைசி நாலில் ஒரு தடவை மடியுங்கள், 64 மணி 16 ஆகிவிடும். எட்டு சார்ஜுக்கும் குறைந்தது அதே 16தான், ஆனால் அங்கே 256-லிருந்து நாலு முறை மடிக்க வேண்டும், எங்கெங்கே என்பதை கம்ப்யூட்டர்காரர்கள் தகவலில் வரும் பிழையைத் திருத்தப் பயன்படுத்தும் ஹாமிங் குறியீடு சொல்லும். நூல் நிறைய வாங்கி வையுங்கள்.