புதுப்பிப்பு: ஒரே பலகையில் ஏழு பேர் ஆடிய கில்லர்

கோபிச்செட்டிபாளையம் வீட்டுக்கு ஏழு பேர் வருகிறார்கள், ஒரே டார்ட்ஸ் (சிறு அம்பு எறியும் ஆட்டம்) பலகையில் எல்லோரும் ஆட என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேன். கில்லர் என்ற டார்ட்ஸ் ஆட்டத்தை ஆடச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றிங்க.

ஆளுக்கு மூன்று உயிர். பழக்கமில்லாத கையால் எறிந்து, பலகையில் அம்பு பட்ட எண்ணை அவரவர் எண்ணாகப் பிடித்தோம். தன் எண்ணின் டபுளில், அதாவது வெளி ஓரத்து மெல்லிய வளையத்தில், அடித்தால்தான் கில்லர் ஆகலாம். அப்புறம் அடுத்தவர் டபுளில் அடித்தால் அவருக்கு ஓர் உயிர் போகும்; தவறித் தன் டபுளில் பட்டால் தன் உயிரே போகும்.

புதியவர்களுக்குச் சிக்கல் அந்த வளையம்தான். முறையான 2.37 மீட்டர் தூரத்திலிருந்து எறிந்து அரை மணி நேரம் ஒருவரும் கில்லர் ஆகவில்லை. சரி, எண்ணின் எந்தப் பகுதியில் பட்டாலும் போதும் என்று மாற்றினோம். உடனே ஆட்டம் சூடு பிடித்தது. கடைசிவரை நின்றது எங்கள் அத்தை!