நாரோமைன் கிளைடர் போட்டி: மகள் பறக்கிறாள், தரையில் நான். எதற்குத் தயாராக வேண்டும்?

ட்ரெய்லர்அப்பா எழுதியது:

வணக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் பதினான்கு வயதில் ஊர்க் கிளப்பில் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், ஓட்டப் பழகத் தொடங்கியவள். வரும் டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நாரோமைனில் நடக்கும் ஒரு சர்வதேசப் போட்டியில் ஸ்டாண்டர்ட் வகுப்பில் பறக்கப் போகிறாள். கிளப்பின் எல்எஸ்8 கிளைடரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள்.

நான் விமானி இல்லை, லாரி ஓட்டிப் பிழைப்பவன். ட்ரெய்லரை எந்தச் சந்துக்குள்ளும் பின்னால் விடத் தெரியும். இறக்கையைப் பூட்டத் தெரியும். அவள் எங்கேயாவது வயலில் இறங்கிவிட்டால் நடுச்சாமமானாலும் தேடிப்போய் ஏற்றிவரத் தெரியும். ஆனால் இதெல்லாம் ஸ்வேபிய மலைப்பக்கம் படித்த வித்தை. அந்த நாட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கிளைடரைக் கப்பலில் அனுப்புவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? எத்தனை நாள் முன்னதாகப் போக வேண்டும்? தரையில் நிற்பவன் புதிதாக என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? அணி மேலாளர் நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். எல்லாம் இருக்கிறது, எது உயிர்நாடி, எது ஒப்புக்கு என்பதுதான் புரியவில்லை. மகளிடம் கேட்டால், "பறப்பது என் கவலை அப்பா, மற்றதெல்லாம் உங்கள் கவலை" என்கிறாள்.

பெட்டகம் எழுதியது:

கிளைடர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மெல்பர்ன் துறைமுகத்தில் சரக்கு வேலை. அதனால் கப்பல் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இங்கே நாற்றப் பூச்சிக் காலம். ஐரோப்பாவில் குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் ஒரு பழுப்புப் பூச்சி, பெட்டிகளின் இடுக்கில் புகுந்து இங்கே வந்துவிடக் கூடாது என்பதற்கான கெடுபிடி அது. ஆபத்துப் பட்டியலில் ஜெர்மனி இருக்கிறது. வாகனம், விமானம் போன்றவை அந்தக் காலத்தில் கப்பலேறினால் வெப்பச் சிகிச்சையோ புகையூட்டலோ செய்தாக வேண்டும். சரக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் கப்பலேறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. டிசம்பர் போட்டிக்கு அக்டோபரில் அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ட்ரெய்லரின் சக்கரத்தில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. உள்ளே புல்விதை, காய்ந்த இலை எதுவும் கூடாது. முட்டுக்கொடுக்க மரக்கட்டை வைத்தால் சிகிச்சை செய்த முத்திரை அதில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் இங்கே சமாதானம் சொல்லித் தப்ப முடியாது.

மக்குவாரிக்கரை எழுதியது:

அண்ணா, நான் நாரோமைன் பக்கம் வசிப்பவள். கிளைடர் ஓட்டுகிறேன். போட்டிக் காலத்தில் வெளிநாட்டு விமானிகளுக்குத் தரைக்குழுவாகவும் நிற்பதுண்டு. இங்கே 2015இல் இளையோர் உலகப் போட்டியும் 2023இல் உலகப் போட்டியும் நடந்திருக்கின்றன. ஆகவே ஊருக்கு நீங்கள் புதினமில்லை, ஊர்தான் உங்களுக்குப் புதிது.

என் கருத்து: வாடகைக்கு எல்எஸ்8 அல்லது டிஸ்கஸ் ஒன்று கிடைத்தால் கப்பலை மறந்துவிடுங்கள். கிளைடர் கடலில் போய்வரும் மாதங்களில் மகள் எதில் பயிற்சி செய்வாள்? இதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இங்கே பதிவான கிளைடருக்கு ஒவ்வொரு நாளும் பறக்கும் முன் ஆய்வு செய்து கையெழுத்திட அதற்குத் தகுதி பெற்றவர் வேண்டும். அதை எப்படிப் பெறுவது, கிளைடிங் ஆஸ்திரேலியா அமைப்பில் எப்படி உறுப்பினராவது என்று இப்போதே விசாரியுங்கள். வந்து இறங்கிய பிறகு காகிதத்தோடு அலைந்தால் நல்ல வானம் வீணாகும்.

எத்தனை நாள் முன்னால் என்றால், குறைந்தது இரண்டு வாரம். விமானப் பயணக் களைப்பு மூன்று நான்கு நாளில் போய்விடும். கண் பழகத்தான் அதிக நாள் வேண்டும்.

அங்கே நல்ல நாளில் மேகத்தின் அடிப்பகுதி 1,500, 2,000 மீட்டரில் இருக்கும். இங்கே டிசம்பரில் நல்ல நாள் என்றால் 10,000 அடியைத் தாண்டும், அதாவது 3,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்துக்கு மேலே ஆக்சிஜன் கட்டாயம். குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும், போட்டியின் முதல் நாள் அதற்கான நாள் அல்ல. தெர்மல், அதாவது சூடேறி மேலெழும் காற்று, எட்டு, பத்து நாட் வேகத்தில் தூக்கும். இரண்டு நாட் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் முழுக்க, கிடைத்த தெர்மலையெல்லாம் விடாமல் சுற்றுவார்கள். உள்ளூர்க்காரர்கள் நான்கு நாட் தெர்மலைத் திரும்பியும் பார்க்காமல் நேராகப் போய்விடுவார்கள். பலவீனமானதை விட்டுவிட்டுப் போகும் தைரியம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, மகள் இந்த வானத்தில் சில நாள் திரிய வேண்டும்.

இன்னொன்று: நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். மேகத்தின் எந்தப் பக்கம் வெயில், மலைச்சரிவின் எந்த முகம் சூடேறும் என்பதெல்லாம் அவள் மனத்தில் தெற்கு என்று பதிந்திருக்கும். வாரம்பங்கிள் மலைப்பக்கம் போகும் நாளில் களைப்போடு களைப்பாக அந்தப் பழக்கம் தலைகாட்டும்.

இனி தரை. உங்கள் வேலையில் பாதி இங்கேதான்.

மக்குவாரி ஆற்றுப் பாசனத்தில் டிராங்கி, வாரன் பக்கமெல்லாம் பருத்தி. மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் போலிருக்கும். ஈரமான, குளிர்ந்த நிலம், தெர்மல் எழும்பாது. இறங்கவும் கூடாது: பாத்தியும் கரையும் வாய்க்காலுமாக இருக்கும், சக்கரம் மாட்டினால் கிளைடர் போய்விடும். டிசம்பரில் கோதுமை அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும், அந்தத் தாள் நிற்கும் பழுப்பு வயல்தான் இரண்டுக்கும் நல்லது. சூடேறும், இறங்கவும் ஏற்றது.

இந்த வயல்களில் மின்கம்பி ஒன்று இருக்கிறது. ஒன்றுதான், ஒற்றைக் கம்பி. பண்ணை வீடுகளுக்கு மண்ணையே திரும்பு பாதையாக்கி ஒரே கம்பியில் மின்சாரம் கொண்டுபோகிறார்கள். கம்பங்கள் வெகுதூரம் தள்ளித் தள்ளி நிற்கும், சில நேரம் மரத்துக்குள் மறைந்திருக்கும். மேலிருந்து கம்பி தெரியவே தெரியாது. ஆகவே கம்பியைத் தேடக் கூடாது, கம்பத்தைத் தேட வேண்டும். கம்பமும் தெரியாவிட்டால் வீட்டைத் தேட வேண்டும். வீடு இருந்தால் அதற்கு எங்கிருந்தோ ஒரு கம்பி வந்தே தீரும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும்வரை அந்த வயல் வேண்டாம். மகளை முதல் நாளே காரில் கூட்டிக்கொண்டு மிட்செல் நெடுஞ்சாலையில் நெவர்டைர் வரை போங்கள். கம்பங்கள் எப்படி நிற்கின்றன என்று கீழிருந்து பார்க்கட்டும், பிறகு மேலிருந்து பார்க்கட்டும்.

நீங்கள் தேடிப்போகும்போது: கூனாம்பிள், வாரன் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் தார் போடாத சாலைக்குள் காரை விடாதீர்கள். கரிசல் காட்டில் பிறந்தவரானால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்கள் முதல் அரை மைலில் புரிந்துகொள்வார்கள். வெயில் காலத்தில் அதற்கு நேர்மாறான ஆபத்து. காய்ந்த புல்லின் மேல் சூடான புகைபோக்கியோடு கார் நின்றால் தீப்பிடிக்கும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வயலுக்குள் கார் கொண்டுபோக விவசாயியிடம் கேட்காமல் போகவே போகாதீர்கள். கேட் மூடியிருந்தால் மூடியபடி, திறந்திருந்தால் திறந்தபடி விட்டுவர வேண்டும். திறந்திருந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடினால் ஆட்டு மந்தைக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகலாம். மாலை மங்கினால் கங்காரு சாலைக்கு வரும். வாடகைக் காரின் காப்பீடு மண்சாலைக்கும் இருட்டுக்கும் பொருந்துமா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

புறப்பாட்டு வரிசையில் நிற்கும் நேரம்தான் உடம்பை முறிக்கும். நாற்பது டிகிரியில், இழுவை விமானங்கள் வரும்வரை, கிளைடர்கள் வரிசையாக நிற்கும். விமானி அறையின் கண்ணாடி மூடியைத் திறந்துவைத்தால் அது உருப்பெருக்கியாக மாறிவிடும். அப்படித் திறந்து நின்ற ஒன்றில், தலைச் சாய்மானத்தில் ஒரு பொட்டு அளவு வெளிச்சம் விழுந்து, துணி பழுப்பாகி, மெல்லிய நூலாகப் புகை கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். விமானி இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூடியை மூடி அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்துங்கள், அவள் ஏறும்வரை எடுக்காதீர்கள். வெயில் களிம்பு பூசிய கையால் அந்தக் கண்ணாடியைத் தொடவும் விடாதீர்கள். தொப்பி வாங்கினால் முன்னால் நீளும் மூக்கு இல்லாத, மெத்தென்ற துணித் தொப்பி வாங்குங்கள். மூக்குத் தொப்பி போட்டால் தலைக்கு மேலே சுற்றும் கிளைடர் கண்ணுக்குத் தெரியாது.

ஈக்கு முகவலை. சிரிப்பார்கள், இரண்டாம் நாள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

பெனாலாவாசி எழுதியது:

மக்குவாரிக்கரை அக்கா சொன்னதில் கம்பியும் கரிசலும் நூற்றுக்கு நூறு. வாடகையில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். போட்டியில் கிளைடரின் மொத்த எடை 525 கிலோ ஆகும்வரை தண்ணீர் ஏற்றிக்கொண்டு, பலருடன் ஒரே தெர்மலுக்குள் நெருங்கிச் சுற்றும்போது, நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று கை யோசிக்கக் கூடாது. தன் இருக்கை, தன் கருவிப் பலகை, மீட்டரில் காட்டும் தன் உயரமானி. அதுவே பாதி நிம்மதி. கப்பல் போகும் மாதங்களில் கிளப்பில் வேறு கிளைடரா கிடைக்காது?

உள்ளூர்க்காரருக்குத்தான் இந்த வானம் என்ற பேச்சையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். 1987இல் எங்கள் பெனாலாவில் நடந்த உலகப் போட்டியின் திறந்த வகுப்பில் வென்ற இங்கோ ரென்னர் இந்த மண்ணில் பறந்து ஊறியவர், உண்மை. நான்கு முறை உலகப் பட்டம் பெற்றவர். அவரே ஜெர்மனியில் பிறந்து இங்கே குடியேறியவர்தான். அதற்கு முன் 1974இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வைகெரியில் நடந்த உலகப் போட்டியில் இரண்டு வகுப்புகளிலும் வெளிநாட்டவர்தான் வென்றார்கள். திறந்த வகுப்பில் அமெரிக்கர் ஜார்ஜ் மொஃபாட், ஸ்டாண்டர்டில் உங்கள் ஜெர்மனியின் ஹெல்முட் ரைஹ்மான்.

ட்ரெய்லர்அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு உணவின்போது மூன்று பதில்களையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஒற்றைக் கம்பி பகுதியை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். ரைஹ்மான் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

பெட்டகம் தம்பி சொன்ன வெப்பச் சிகிச்சை பற்றி அவள் உடனே பதறினாள். கண்ணாடியிழைக் கிளைடரின் உடல் 54 டிகிரி வரைதான் சான்றளிக்கப்பட்டது, அதனால்தான் எல்லாக் கிளைடரும் வெள்ளை நிறம் என்கிறாள். சிகிச்சைக்கு எத்தனை டிகிரி?

கிளப்பிலும் கேட்டுவிட்டேன். அனுப்புவதானால் ஆகஸ்ட் முதல் வாரமே அனுப்பிவிடலாம், அதுவரையும் அதற்குப் பிறகும் அவளுக்கு ஒரு டிஸ்கஸ் தருகிறோம் என்கிறார்கள். அதனால் கப்பல்தான். மக்குவாரிக்கரை தங்கை மன்னிக்க வேண்டும்.

ட்ரெய்லரை அங்கே இழுக்க வாடகை வண்டியில் கொக்கி பொருந்துமா?

பெட்டகம் எழுதியது:

56 டிகிரி, அரை மணி நேரம். மகள் பதறியது நியாயம். ஆகஸ்டைத் தவறவிடாதீர்கள். தவறினால் புகையூட்டல்தான் வழி, அதையும் கிளைடர் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மக்குவாரிக்கரை எழுதியது:

மன்னிக்க ஒன்றுமில்லை அண்ணா, அந்த டிஸ்கஸ் கிடைத்ததால் என் வாதம் செத்துவிட்டது.

கொக்கிக் குண்டு 50 மில்லிமீட்டர், இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். விளக்குக்கான மின்செருகிதான் வேறு. உங்களுடையது பதின்மூன்று முள், இங்கே தட்டையான ஏழு முள். மாற்றுச் செருகியை அங்கேயே வாங்கி, வயரிங்கைச் சோதித்து, ட்ரெய்லருக்குள்ளேயே ஒட்டி அனுப்புங்கள். இழுவைக் கொக்கி உள்ள வாடகை வண்டி சின்ன ஊரில் எளிதில் கிடைக்காது, டப்போவில் இப்போதே முன்பதிவு செய்யுங்கள். இரவில் கிளைடரைக் கட்டிவைக்க நீளமான முளைகள் கொண்டுவாருங்கள், இங்குள்ள புயல்காற்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வராது. தொலைபேசிக்கு டெல்ஸ்ட்ரா எண் எடுங்கள். அதுவும் எட்டாத இடங்கள் உண்டு. அதனால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி ஒன்று மகளின் உடம்போடு இருக்கட்டும். கிளைடரில் மாட்டிவைத்தால், அவள் நிழல் தேடி நடந்துபோன பிறகு அது கிளைடர் நிற்கும் இடத்தைத்தான் காட்டும்.

வந்து இறங்கியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். முளை அடிக்கச் சம்மட்டி என்னிடம் இருக்கிறது, அதைச் சுமந்துவர வேண்டாம்.